டீச்சரின் தோளில் ஓர் ஆட்டுக்குட்டி

நான் பல் செட் செய்கிறவள். டாக்டர் இல்லை. டாக்டர் அச்செடுத்து அனுப்புவார். அதைப் பார்த்து மெழுகில் ஈறு கட்டி, பல்லைப் பல்லாக நட்டு, வாய்க்குப் பொருந்தும்படி செய்து அனுப்புவது என் வேலை. காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு மாடியிலேயே சின்னதாக ஒரு லேப். இந்த வட்டாரத்தில் வயசான யாராவது வாய்விட்டுச் சிரித்தால் அதில் பாதிச் சிரிப்பு என்னுடையது என்று வீட்டுக்காரரிடம் பெருமையடித்துக்கொள்வேன். அவர் கண்டுகொள்ளமாட்டார். அவருக்கு இன்னும் எல்லாப் பல்லும் சொந்தப் பல், அந்தத் திமிர்.

இதை முதலில் சொல்லக் காரணம், என்னைப் பிடித்திருக்கும் பைத்தியம் இந்த வேலை வழியாகத்தான் வந்தது. பன்னிரண்டு வருடம் இருக்கும். ஒரு கிளினிக்கில் பல் செட்டைக் கொடுத்துவிட்டு சிவாஜி நகர் வழியாக வரும்போது ஒரு பழைய சாமான் கடையில் நின்றேன். அபார்ட்மென்ட் கட்டுவதற்காக இடிக்கிற பங்களாக்களின் மிச்சம் மீதிதான் அங்கே வரும். கதவுப் பிடி, கைப்பிடி உடைந்த கோப்பை, யாரோ எதற்கோ வாங்கிய மெடல். பொத்தான் டப்பாவின் அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு, புடவையில் குத்திக்கொள்கிற ஒரு ப்ரூச் கிடந்தது. கறுப்புப் பின்னணியில் ஒரு ரோஜாப்பூ.

"பெய்ன்டிங்கு மேடம். பழைய காலத்து வெள்ளக்காரன் கை. எடுத்துக்கோ," என்றார் கடைக்காரர்.

கைப்பையில் என் வேலைக் கண்ணாடி இருந்தது, கண்ணில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி. மாட்டிப் பார்த்தேன். பெயின்டும் இல்லை, கியின்டும் இல்லை. ஒவ்வோர் இதழும் கண்ணாடித் துணுக்குகள். ரவையைவிடப் பொடி. சந்து பொந்து இல்லாமல் ஒன்றை ஒட்டி ஒன்று. இருபத்தெட்டுப் பல்லை ஒரு வரிசையில் நிறுத்தவே எனக்கு முதுகு ஒடிகிறது; இந்த மனுஷன் நகத்தளவு இடத்தில் நூற்றுக்கணக்கில் நிறுத்தியிருக்கிறான். "அடப்பாவி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கடைக்காரர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து விலையைக் குறைத்தார்.

வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். மைக்ரோமொசைக் என்று பெயர். பெரும்பாலும் ரோமில் செய்தவை. கேமரா இல்லாத காலத்தில் இத்தாலியைச் சுற்றிப் பார்க்கப் போன பணக்காரர்களுக்கு ஊருக்குக் கொண்டுபோக ஏதாவது வேண்டுமே! கண்ணாடியை உருக்கி நூலாக இழுத்து, நூலைத் துணுக்குகளாக நறுக்கி, எண்ணெயில் குழைத்த பசையில் ஒவ்வொன்றாக நட்டு, மேலே தேய்த்து மெழுகு பூசிக் கொடுத்தார்கள். இடிந்த கோயில், கிண்ணத்தின் விளிம்பில் புறா, பூங்கொத்து, மெத்தையில் உட்கார்ந்த நாய். வாங்கியவர்களின் பிள்ளைகளோ பேரன்களோ பின்னால் நம் ஊர்ப் பட்டாளப் பகுதியான கண்டோன்மென்ட்டுக்கு உத்தியோகம் பார்க்க வந்தபோது, பெண்டாட்டிமாரின் நகைப்பெட்டியில் ரோமும் கூடவே வந்தது. திரும்பிப் போகும்போது சிலதை விட்டுவிட்டுப் போனார்கள். அதைப் பொறுக்குகிறவள் நான்.

சொந்தக்காரர்களிடம் இதை விளக்கவே முடியாது. மொசைக் சேர்க்கிறேன் என்றால், "ஏன், வீட்டுக்குத் தரை மாத்தறீங்களா? இப்ப எல்லாரும் டைல்ஸ்தானே போடறாங்க?" என்பார்கள். வீட்டுக்காரர் என் அலமாரிக்கு ரவை மியூசியம் என்று பெயர் வைத்திருக்கிறார். ஒரு முறை வெளிநாட்டிலிருந்து வாங்கிய ப்ரூச் கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது. போய் நின்றேன். அங்கிருந்த அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்ன மேடம் இது, ஸ்டிக்கரா?" என்று கன்னடத்தில் கேட்டார். என் கண்ணாடியை அவர் கண்ணில் மாட்டிவிட்டேன். மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். அப்புறம் பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். பார்சல் வர எப்படியும் மூன்று வாரம் ஆகிவிட்டது, அது வேறு விஷயம்.

இப்போது என்னிடம் பத்தொன்பது இருக்கின்றன. அதில் நான்கு உடைசல். உடைசலைக்கூட நான் தொடமாட்டேன். விழுந்த துணுக்கு விழுந்ததுதான். இல்லாததைச் சேர்க்கக் கூடாது, இருப்பதை மாற்றக் கூடாது. செய்தவன் கையில் நம் கையைக் கலக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இணையத்தில் அப்படி ஒருவர் புறாவுக்குப் புதுச் சிறகு ஒட்டிப் படம் போட்டிருந்தபோது, நான் எழுதிய பதிலைப் படித்து அவர் கணக்கையே மூடிவிட்டார். அந்த அளவுக்கு நான் யோக்கியம்.

டீச்சர் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். கணவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. எட்டு வருடத்துக்கு முன்னால், கீழ்ப் பல் செட் குத்துகிறது என்று நேராக என் லேபுக்கே ஏறி வந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வருகிற வழி. வெள்ளைப் பட்டுப்புடவை. தோளில் தலைப்பைச் சேர்த்து ஒரு ப்ரூச். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் வாயைப் பார்ப்பதற்குப் பதிலாகத் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவப்பு மெத்தையில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளை நாய். தொங்கும் பழுப்புக் காது இரண்டு. உரோமம் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்து, ஒரே ஒரு இளஞ்சிவப்புத் துணுக்கு அளவுக்கு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. என்னிடம் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தாலும் அதன் கால் தூசிக்கு ஆகாது.

"டீச்சர், இது எங்க கிடைச்சது?"

"என் ஆட்டுக்குட்டியா? எங்க வீட்டுக்காரர் நிச்சயத்துக்கு வாங்கித் தந்ததும்மா," என்றார், வாயைத் திறந்தபடியே.

ஆட்டுக்குட்டியா? நான் மறுபடி பார்த்தேன். நாய். சந்தேகமே இல்லாத நாய். டீச்சர் முகத்தைப் பார்த்தேன். சோடாபுட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்ணும் எங்கோ நீந்திக்கொண்டிருந்தன. பாவம், இந்தப் பார்வைக்கு யானையைக் காட்டினாலும் ஆட்டுக்குட்டிதான் என்று நினைத்துக்கொண்டேன். வழக்கமாக என் வாய் சும்மா இருக்காது. கல்யாண வீட்டில் போர்டில் எழுத்துப் பிழை இருந்தால்கூடப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் சாப்பாட்டுக்கு உட்காருவேன். ஆனால் அன்று வாயை மூடிக்கொண்டேன். அதற்குக் காரணம் கருணை மட்டும் இல்லை. அதை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்திருந்தேன். வாங்க நினைக்கிறவள் எதற்கு மனத்தைப் புண்படுத்த வேண்டும்?

எட்டு வருடம் கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு அவர் கேக் கொண்டுவரும்போது கேட்டேன், தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோகும்போது கேட்டேன். "என் ஆட்டுக்குட்டியைக் குடுக்கமாட்டேன்," என்று சிரிப்பார். "உனக்குத்தான் இவ்வளவு தெரியுமே, என் ஆட்டுக்குட்டி எப்படி?" என்று அவரே கிளறுவார். "அருமை டீச்சர், ரொம்ப அருமை," என்று நான் பூசி மெழுகுவேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

போன கோடையில் டீச்சருக்கு இரண்டு கண்ணிலும் புரை நன்றாக முற்றிவிட்டது. பஸ் போர்டைப் படிக்கப் பக்கத்தில் நிற்பவர்களைக் கேட்க வேண்டிய நிலைமை. ஊரின் மறுகோடியில், சந்தாபுராவில் மகள் வீட்டில் தங்கி ஆபரேஷன் செய்துகொள்வது என்று ஏற்பாடானது. ஒரு கண், பதினைந்து நாள் கழித்து மறு கண், அப்புறம் ஓய்வு. காக்ஸ் டவுனிலிருந்து சந்தாபுரா போவதற்குள் சென்னையே போய்விடலாம் என்பதால், அது எங்களுக்கெல்லாம் வெளியூர் மாதிரிதான். கிளம்புவதற்கு முதல் நாள் டீச்சர் ஒரு தீப்பெட்டி அளவு டப்பாவோடு வந்தார்.

"அங்க பேரப்பசங்க எதைப் பார்த்தாலும் பிச்சிடுதுங்க. நீ வச்சிரு."

"நானா?"

"நீதான். ஆசைப்பட்டவதான் பத்திரமா வச்சிருப்பா. கண்ணு தெளிஞ்சதும் நான் மொதல்ல இதைத்தான் பாக்கணும். எத்தனை வருஷமாச்சு, சரியா பாத்து!"

டப்பாவைக் கையில் வாங்கும்போது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கண் தெளிந்து முதலில் பார்க்கப் போவது ஒரு நாயை. நாற்பது வருடத்துக்கு மேலாகப் பைபிளில் வரும் தேவ ஆட்டுக்குட்டி என்று நம்பிச் சர்ச்சுக்கு அணிந்துகொண்டு போனது, நாக்கைத் தொங்கவிட்ட ஒரு நாய். கணவர் கொடுத்த ஒரே நகை. அந்த முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. அன்று மாலையே போனில் எட்டுப் பத்துப் படம் எடுத்துவிட்டு, டப்பாவை பீரோவில் என் வளையல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பூட்டியதோடு கடமை முடிந்தது என்று இருந்தேன்.

மூன்றாவது வாரம் எங்கள் உறவில் ஒரு கல்யாணம். என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், ஜோகுபாளையத்திலிருந்து முந்தின நாளே வந்துவிட்டார். கை சும்மா இருக்காத மனுஷி. நான் பீரோ சாவியைக் கொடுத்துவிட்டு லேபில் அவசர வேலையாக உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் கீழே இறங்கி வந்தால், சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டின் மேல் வீட்டு நகையெல்லாம் பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தன. கல்யாணத்துக்கு முன்னால் நம் வீடுகளில் செய்கிறதைத்தான் அண்ணியும் செய்திருந்தார். பூந்திக்கொட்டையைக் கொதிக்க வைத்து, சூட்டோடு நகையை எல்லாம் அதில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்திருந்தார். வளையல், தோடு, நெக்லஸ். கடைசியில், நன்றாகத் தேய்க்கப்பட்டு, டீச்சரின் ப்ரூச்.

மெத்தை இருந்தது. உடம்பு இருந்தது. கால் இருந்தது. முகம் இருந்த இடத்தில் ஒரு மண் நிறக் குழி.

"அது ரொம்ப அழுக்கா இருந்துச்சும்மா. ரெண்டு தடவை தேய்ச்சேன்," என்றார் அண்ணி.

நான் போட்ட கூச்சலில் தெரு நாய்கள் குரைத்தன. கல்யாணத்துக்கு வந்த மூத்தவரிடம் பேசக் கூடாத பேச்சையெல்லாம் பேசினேன். அண்ணி முகம் சுண்டிப்போய்விட்டது. வீட்டுக்காரர் ஓடிவந்து, "தண்ணி எங்க? அந்தத் தண்ணியை என்ன பண்ணே?" என்று உருப்படியாக ஒரு கேள்வி கேட்டார்.

டேங்கர் தண்ணீரில் ஊரே ஓடிக்கொண்டிருந்த கோடை அது. ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட யாரும் சாக்கடையில் ஊற்றுவதில்லை. அண்ணி அந்தப் பூந்திக்கொட்டைத் தண்ணீரைக் கொண்டுபோய் பால்கனியில் இருந்த செம்பருத்தித் தொட்டியில் ஊற்றியிருந்தார். "பூச்சிக்கும் நல்லதாச்சேன்னு ஊத்துனேன்," என்றார், அழமாட்டாத குறையாக. அந்தத் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு நான் வாழ்க்கையில் முதல் முறையாக நன்றி சொன்னேன். சாக்கடைக்குப் போயிருந்தால் நாயின் முகம் அதோடு போயிருக்கும்.

செம்பருத்தியைப் பிடுங்கி வாளியில் வைத்தோம். மேல்மண்ணைச் சுரண்டி நியூஸ்பேப்பரில் பரப்பிக் காயவைத்தோம். மாவுச் சல்லடை, டீ வடிகட்டி, என் லேப் பிரஷ் எல்லாம் பால்கனிக்கு வந்தன. மண்ணில் மினுக்குகிறதெல்லாம் கண்ணாடி மாதிரியே இருந்தது. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் நான் எடுத்தது ஒன்பது. அண்ணி கண்ணாடியும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி விரல் நுனியால் தள்ளித் தள்ளி முப்பதுக்கு மேல் எடுத்துவிட்டார். "இந்தா காது," "இந்தா இது மூக்கு போல," என்று ஒவ்வொன்றையும் என் உள்ளங்கையில் வைத்தார். மூன்றாவது வடிகட்டலில் அந்த இளஞ்சிவப்பு நாக்கைக் கண்டுபிடித்ததும் அவர்தான். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "பேஜார் பண்ணிக்காதே, நானும்தான் கேக்காம தொட்டுட்டேன்," என்றார். கல்யாண வீட்டுக்கு இரண்டு பேரும் நகத்தில் மண்ணோடுதான் போனோம்.

விழுந்ததில் நான்கைந்து தவிர எல்லாம் கிடைத்துவிட்டது. இனி, போட்டோவைப் பார்த்து அது அது இருந்த இடத்தில் அதை அதை வைப்பதுதான் மிச்சம். பல் நடுகிற கைக்கு அது பெரிய வேலை இல்லை. பசை போடாமல், பல் செட்டுக்கு மாதிரி கட்டும் மெழுகில் நட்டால் பின்னால் சூடு காட்டிக் கழற்றவும் முடியும். டீச்சரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றும் முடிவு செய்திருந்தேன். மேசையில் உட்கார்ந்து முதல் துணுக்கை எடுத்தேன். பழுப்பு, இடது காது.

அந்தக் காதைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

டீச்சர் முதலில் பார்க்க நினைப்பது ஆட்டுக்குட்டியை. நாயை நாயாகவே நான் நட்டுக் கொடுத்தால், அந்த அம்மாவின் நாற்பது வருடத்தை என் கையாலேயே அழித்த மாதிரி ஆகும். இதோ, முகமே இல்லாமல் என் முன்னால் இருக்கிறது. தொங்குகிற காதைத் தூக்கிப் பக்கவாட்டில் சின்னதாக வைத்தால், நெற்றியில் வெள்ளையைக் கூட்டினால், மூக்கைக் குறுக்கினால், நாக்கை விட்டுவிட்டால்... உடம்பு ஏற்கெனவே சுருள் சுருளாகத்தானே இருக்கிறது? யோக்கியம் பேசின வாய்க்குள் யாரோ மெழுகை ஊற்றி அடைத்த மாதிரி, என் சட்டங்கள் ஒன்றும் வாயைத் திறக்கவில்லை. வெள்ளை பத்தாமல் போனபோது, என்னுடைய உடைந்த புறா ஒன்றின் வயிற்றிலிருந்து பதினோரு துணுக்கு பெயர்த்தெடுத்தேன். இரண்டு நாள் வேலை. மூன்றாம் நாள் அது ஆட்டுக்குட்டி ஆகிவிட்டது. நல்ல ஆட்டுக்குட்டி. வீட்டுக்காரரே பார்த்துவிட்டு, "அட, மேஏன்னு கத்தும் போல இருக்கே," என்றார். மீந்த பழுப்புத் துணுக்குகளையும் நாக்கையும் ஒரு சின்ன டப்பாவில் பஞ்சு போட்டு வைத்தேன். டீச்சரிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று முடிவு மாறிவிட்டது. எவ்வளவு பெரிய நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று எனக்கே கண் கலங்கியது.

டீச்சர் ஒரு சனிக்கிழமை திரும்பி வந்தார். மறுநாள் சர்ச்சுக்குப் போட்டுக்கொள்ள வேண்டும், கொண்டுவா என்று போன் செய்தார். போனேன். சோடாபுட்டி போய்விட்டது. கண்ணாடி இல்லாத அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. கண்கள் சின்னதாக, கூர்மையாக இருந்தன. "உன் மூக்குத்தியில ஒரு கல்லு இல்ல, தெரியுமா?" என்பதுதான் நான் போனதும் போகாததுமாக என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. கணக்கு டீச்சர்.

டப்பாவைக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்தார். பார்த்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பிக் கொக்கியைத் தடவினார், மறுபடி முன்பக்கம். எனக்குப் பெருமையில் மூச்சே வரவில்லை.

"யாரும்மா இது?" என்றார்.

"உங்க ஆட்டுக்குட்டி, டீச்சர்."

"ஆட்டுக்குட்டியா?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என் நாய் எங்க?"

டீச்சர் தன் நாக்கு நுனியைக் கொஞ்சமாக நீட்டிக் காட்டினார்.

"நாக்கை இப்படி நீட்டிக்கிட்டு இருக்குமே. அந்த நாய் எங்க?"

"உங்களுக்கு... அது நாய்னு தெரியுமா?"

"ஏன் தெரியாது? புரை வந்தது இப்பத்தானே? நிச்சயத்தப்ப எனக்கு இருபத்திமூணு வயசு. கண்ணு கழுகு மாதிரி. சோடாபுட்டியே ரிட்டையர் ஆற வயசுலதான் போட்டேன். கடைசி பெஞ்சுல எவ காப்பி அடிக்கறான்னு போர்டைப் பார்த்துக்கிட்டே சொல்லுவேன்."

இவ்வளவு சின்ன கணக்கு எனக்கு எட்டு வருடமாக ஓடவில்லை. நான் அந்த அம்மாவை எப்போதும் சோடாபுட்டியோடே பிறந்தவராக நினைத்திருந்தேன். அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பூந்திக்கொட்டை, செம்பருத்தித் தொட்டி, சல்லடை, மெழுகு, புறாவின் வயிறு.

"விழுந்ததுக்கு நீ என்ன பண்ணுவே? உன் நாத்தனாரும்தான் என்ன பண்ணுவாங்க? நல்லதுன்னு தேய்ச்சாங்க," என்றார் டீச்சர். "ஆனா இதை ஏன் பண்ணே?"

"நாயைப் பார்த்தா உங்க மனசு உடைஞ்சிடுமேன்னு..."

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டே."

ஆமாம். இரக்கப்பட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவரை ஒன்றும் தெரியாதவராக எட்டு வருடம் வைத்திருந்தேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் சுட்டது.

அப்புறம் டீச்சரே சொன்னார். அவர் கணவர் கண்டோன்மென்ட்டில் ஓர் ஏலக் கடையில் குமாஸ்தாவாக இருந்தாராம். நிச்சயத்துக்கு முந்தின வாரம் அங்கே வந்த சாமானில் அந்த நாய் அவருக்குப் பிடித்துப்போய் வாங்கிவிட்டார். நிச்சயத்தன்று அவருடைய அம்மா அதைப் பார்த்து, "நாயைக் குத்திக்கிட்டா ஆலயத்துக்கு வருவா என் மருமக?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளை கண்ணை இமைக்காமல், "நாய் இல்லம்மா, தேவ ஆட்டுக்குட்டி. ரோமாபுரியிலே செஞ்சது," என்று ஒரே போடாகப் போட்டார். மாமியார் ஸ்தோத்திரம் சொல்லி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதோடு அது ஆட்டுக்குட்டி ஆகிவிட்டது. பாஸ்டர் உட்படச் சபை முழுக்க அதை ஆட்டுக்குட்டி என்றே சொல்லிற்று.

"சர்ச்சுப் பாட்டுல ஆட்டுக்குட்டின்னு ஒரு வார்த்தை வந்துட்டா போதும். எங்க வீட்டுக்காரர் பக்கத்துல நின்னுக்கிட்டு எனக்கு மட்டும் கேக்கற மாதிரி 'லொள்' அப்படீம்பாரு. நான் தொடையில கிள்ளுவேன். சாகற வரைக்கும் விடலையே அந்த மனுஷன்." சொல்லிவிட்டுப் புடவை மடியில் கிடந்த என் அருமையான ஆட்டுக்குட்டியைப் பார்த்தார். "இதுக்கு எப்படி 'லொள்' சொல்றது?"

அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. "வாங்க டீச்சர்," என்று கையைப் பிடித்து மாடி லேபுக்கு அழைத்து வந்தேன். மெழுகுக்குச் சூடு காட்டினேன். இரண்டு நாள் நட்ட முகம் இரண்டு நிமிடத்தில் கழன்று வந்தது. பஞ்சு டப்பாவைத் திறந்தேன். போட்டோவைப் பார்த்து வைக்கலாம் என்று போனை எடுத்தால், "அதெல்லாம் எதுக்கு? நான் இருக்கேன்ல," என்று டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பக்கத்தில் உட்கார்ந்து, என்னுடைய இன்னொரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி திருத்தினார். "காது இன்னும் கீழே. இல்ல, இன்னும். கண்ணு ரெண்டும் ஒரே மட்டம் இல்லம்மா, ஒண்ணு கொஞ்சம் ஏறி இருக்கும், அதான் அந்தத் திருட்டுப் பார்வை." கிடைக்காமல் போன துணுக்குகளின் இடத்தைக் குழியாகவே விட்டுவிடச் சொன்னார். புறாவின் வெள்ளையில் ஒன்றுகூட அதில் இல்லை. கடைசியாக நாக்கு. நான் சாமணத்தில் எடுத்து நீட்டினேன். அவரே வாங்கி, கொஞ்சமும் கை நடுங்காமல், அதன் இடத்தில் வைத்து அழுத்தினார்.

இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்து அதைப் பார்த்தோம். நாய் தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது.

"அவர் போனப்புறம் யார்கிட்ட சொல்றது இதை?" என்றார் டீச்சர், நாயிலிருந்து கண்ணை எடுக்காமல். "சபையில சொன்னா சண்டை. மகளுக்கு இதெல்லாம் புரியாது. அப்பத்தான் உன்னைப் பார்த்தேன். கண்ணுல அந்தக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு என் தோளையே பார்த்துக்கிட்டு இருந்தே. இவளுக்குத் தெரிஞ்சிடுச்சு, இப்ப சொல்லுவா, இப்ப சொல்லுவான்னு எட்டு வருஷமா உன்கிட்ட ஆட்டுக்குட்டி ஆட்டுக்குட்டின்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். நீ ஒரு தடவையாவது சிரிச்சியா?"

வேண்டியதை எல்லாம் கேட்டேனே, கேக்கையும் முறுக்கையும் சாக்காக வைத்து! இந்த அம்மா என்னிடம் கேட்டது இந்த ஒரு சிரிப்பைத்தான்.

"டீச்சர்," என்றேன். "இது நாய்."

"உஷ்! மெதுவா. பாஸ்டர் காதுல விழுந்துடப் போவுது," என்றார் டீச்சர்.

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கண்ணைக் கசக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்ததால், இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டு கண்ணீரை அதன் போக்கில் ஓட விட்டார். நானும் சிரித்துக்கொண்டே, கண்ணில் படாமல் கன்னத்தோடு நிறுத்தி, என் தலைப்பால் துடைத்துவிட்டேன்.